வேகம் இருக்கிறது, துள்ளல் எங்கே?

கேள்வி: சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 3 நிமிடத்தில் குறும்பான ஒரு பீஸ் எழுதியிருக்கிறேன். 2/4 (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, இரண்டு பீட்), டெம்போ 152 (நிமிடத்துக்கு 152 பீட்). வுட்விண்ட் (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன்) இரண்டிரண்டு, 4 ஹார்ன், 2 ட்ரம்பெட், 3 ட்ராம்போன், டிம்பனி (பெரிய முரசு), ஸ்ட்ரிங்ஸ். ஹார்ன்கள் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகளை) நீளமாகப் பிடித்து நிற்கின்றன. டபுள்பாஸ் செல்லோவோடே போகிறது. வேகம் இருந்தும் கனமாகவே கேட்கிறது. டெம்போவை 168க்கு ஏற்றலாமா?

பதில்: ஏற்றாதீர்கள். 152இலேயே பீட்டுக்கு நான்கு நோட் என்றால் நொடிக்குப் பத்து நோட். ஃப்ளூட்டும் ட்ரம்பெட்டும் டபுள் டங்கிங்கில் (நாக்கின் நுனியும் பின்பகுதியும் மாறி மாறித் தட்டும் முறை) சமாளித்துவிடும். ஓபோ, பஸ்ஸூன் வாசிப்பவர்களில் பலருக்கு அது கைவராது. அவர்களுக்கு முதல் இரண்டு நோட்டை ஸ்லர் போட்டு (நடுவில் நாக்கு தட்டாமல் சேர்த்து), அடுத்த இரண்டைத் தனித்தனியாக எழுதினால் நாக்குக்கு மூச்சு கிடைக்கும், துள்ளலும் கூடும்.

கனத்துக்குக் காரணம் ஹார்னும் டபுள்பாஸும்தான். குறும்பு பிறப்பது ரெஸ்ட்டில், அதாவது நோட்டுகளுக்கு நடுவே வரும் மௌனத்தில். நீளமான ஹார்ன் கார்டு அந்த ரெஸ்ட்டை எல்லாம் அடைத்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, ஆஃப்-பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) குட்டையாக ஓரிரு நோட் மட்டும் கொடுங்கள். டபுள்பாஸ் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே ஒலிக்கும் என்பதால், செல்லோவின் ஓட்டத்தை அப்படியே அதற்கும் கொடுத்தால் அடியில் சேறு கட்டும். இரண்டு பாருக்கு ஒரு பிட்சிகாட்டோ (வில் இல்லாமல் விரலால் சுண்டும் நோட்) போதும். மொத்தம் 228 பார் வரும். அதில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பது 40 பாரைத் தாண்டவே கூடாது என்பேன்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியில் மூன்றாம் பகுதியை ஸ்கோரோடு (எல்லா வாத்தியத்துக்குமான இசைக்குறிப்பு) கேளுங்கள். ஸ்ட்ரிங்ஸ் வில்லையே தொடுவதில்லை, முழுக்கப் பிட்சிகாட்டோ. வுட்விண்ட், பிராஸ் (ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன்) எல்லாம் தனித்தனிக் கும்பலாக வந்து, கடைசியில்தான் ஒன்றோடொன்று வாய் கொடுக்கின்றன. உங்கள் பீஸில் வில்லும் பிட்சிகாட்டோவும் மாறி மாறி வந்தால் நடுவில் இரண்டு பாராவது ரெஸ்ட் விடுங்கள். ஒரு பார் என்பது முக்கால் நொடிதான். வில்லோடு கை மாறுவதற்குள் என்ட்ரி போய்விடும்.

மெட்டை ஒரே வாத்தியத்திடம் விடாமல் பிய்த்துக் கொடுங்கள்: வயலினுக்கு இரண்டு பார், கிளாரினெட்டுக்கு ஒன்று, பஸ்ஸூனுக்கு ஒன்று. ஒருவர் முடிக்கும் நோட்டும் அடுத்தவர் தொடங்கும் நோட்டும் ஒன்றாகவே இருக்கட்டும். முடித்த பிறகு தொடங்கினால் நடுவில் ஓட்டை கேட்கும்.

ஏமாற்று வேலைக்கு முன்னால் நம்பிக்கை வேண்டும். நான்கு பார் வரியை மாற்றமே இல்லாமல் இரண்டு முறை சொல்லுங்கள். மூன்றாம் முறை அரை பீட் தள்ளி எடுங்கள், அல்லது ஐந்தாவது பாராக ஒரு வெற்றுப் பாரைச் செருகுங்கள். முதல் முறையே தள்ளி எடுத்தால் கேட்பவருக்கு அதுதான் பீட். மற்ற எல்லோரும் ஆஃப்-பீட்டில் இருக்கும்போது செல்லோவோ டிம்பனியோ பீட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பின்வரிசை தாளத்தில் பின்தங்கிவிடும்.

எழுதியதைக் கணினியில் ஒலிக்கவிட்டுக் கேட்டால், பேலன்ஸ் (எந்த வாத்தியம் எவ்வளவு பலமாகக் கேட்கும் என்ற) விஷயத்தில் அதை நம்பாதீர்கள். மிடில் சி-யை (பியானோவின் நடு சி) ஒட்டிய கீழ் நோட்டுகளில் ஃப்ளூட் அதில் கணீரென்று கேட்கும். அரங்கத்தில் இரண்டு ஹார்ன் ஃபோர்ட்டேயில் (பலமாக) ஊதினாலே காணாமல் போகும். அந்த இடங்களில் ஃப்ளூட்டை ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள், அல்லது மெட்டைக் கிளாரினெட்டுக்கு மாற்றுங்கள்.