சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்: வடசென்னைப் பெற்றோருக்குச் சிறப்பாசிரியர் பதில்

கேள்வி (வியாசர்பாடி, தாய்): ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். "எங்களிடம் வசதி இல்லை" என்று தனியார் பள்ளியில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: அம்மா, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அது இருந்தால்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் நிற்கும்.

கேள்வி (திருவொற்றியூர், ஆசிரியை): இரண்டாம் வகுப்புச் சிறுவன். வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறான். வெறும் அடம் என்கிறார்கள்.

பதில்: அடம் இல்லை, டீச்சர். நமக்கு இரைச்சலாக இருப்பது அவனுக்கு வலி. சாலைப் பக்க ஜன்னலிலிருந்து அவன் இடத்தை மாற்றுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம்; சுற்றி நின்று பேசாமல் விட்டால் பெரும்பாலும் தானே வெளியே வருவான். மணி அடிக்கும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். பிரார்த்தனை, கணக்கு, சத்துணவு, வீடு என அன்றைய நாளைப் படங்களாக மேசையில் ஒட்டி, முடிந்ததை அவனையே எடுக்கச் சொல்லுங்கள். "நோட்டை எடு, பக்கத்தைத் திருப்பு, எழுது" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எந்தச் சத்தத்துக்கு, எந்த நேரத்தில் என்று தேதியோடு எழுதி வாருங்கள். பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வரும்போது அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்க முடியும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாதா?

பதில்: முடியும். அட்டை சலுகைகளுக்குத்தான்.

கேள்வி (தண்டையார்பேட்டை): அட்டை வரும்வரை ஒரு வருடம் காத்திருக்கட்டுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். காத்திருக்காதீர்கள். தரகருக்குப் பணமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ராயபுரம், தந்தை): இப்படிப்பட்ட பிள்ளைகளால் மற்றப் பிள்ளைகளின் படிப்பு கெடாதா? சிறப்புப் பள்ளி எதற்கு இருக்கிறது?

பதில்: கெடாது, ஐயா. படமாகக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லும் பாடம் வகுப்பு முழுவதற்கும் புரியும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்பது அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. தேர்வு அந்தக் குடும்பத்துடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது அல்ல.

அதே தந்தை: ஒரே ஆசிரியர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்?

பதில்: இது நியாயமான கேள்வி. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நியமனத்தைக் கேட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பச் சொல்லாதீர்கள்.

கேள்வி (காசிமேடு): மருந்தை நிறுத்தலாமா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

கேள்வி (பெரம்பூர்): மகளுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம். பத்தாம் வகுப்புத் தேர்வில் என்ன கிடைக்கும்?

பதில்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக இப்போதே விண்ணப்பியுங்கள். இங்கும் முத்திரையிட்ட நகல் வேண்டும்.