பின் பெஞ்சுக்குப் போன நோட்டு

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 14 வயது. வகுப்பில் மேசையில் தலைசாய்த்துத் தூங்கியபோது யாரோ எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு மாதமாக அங்கே எதற்கெடுத்தாலும் அந்த ஸ்டிக்கர்தான். சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளே அழுதுகொண்டு வந்து சொன்னாள். உடனே போனை வாங்கி வைத்துவிட்டேன். குழுவில் 42 பேர், ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. என் கணவர், ‘நாங்கள் பார்க்காத கேலியா’ என்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொல்வதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை.

போனை வாங்கி வைத்தீர்களே, யாருக்குத் தண்டனை அது? படத்தைப் போட்டவர்களிடம் போன் இருக்கிறது, பட்டவளிடம் இல்லை. போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துதான் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் வாயே திறப்பதில்லை. உங்கள் பெண் திறந்தாள். அதற்கு இதுதான் கிடைத்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பதறிப்போய்ச் செய்தீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் தப்பு தப்புதான்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த 42 பேருக்காக. சில நாட்களாகவே ஒரு பழைய நோட்டு என் நினைவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு படித்த ஒருவனுக்குத் திக்குவாய். அவன் பேசுவதைப் போலவே, எழுத்துகளை மும்மூன்று முறை போட்டு, யாரோ ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். அது பெஞ்சு பெஞ்சாகப் போகும், ஆளுக்கொரு வரி சேர்ப்பார்கள். நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இத்தனை வருடமும் அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். வந்ததைப் படிப்பேன், சிரிப்பேன், பின்னால் தள்ளிவிடுவேன், அவ்வளவுதான்.

கேலிக்கொடுமை பற்றி 1970களிலேயே ஆராயத் தொடங்கிய டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது. அந்த மூன்றாவதில்தான் சிக்கல். படத்தைப் போட்ட பிள்ளையைக் கேளுங்கள், ‘ஒரு தடவைதானே போட்டேன்’ என்று சொல்லும். பொய்யில்லை. மற்ற தடவைகளையெல்லாம் போட்டது வேறு கைகள். அந்தக் கைகளும் ஒரு தடவைதான் அனுப்பியிருக்கும். சிரிப்புப் பொம்மை போட்டவனும் ஒன்றுதான் போட்டிருப்பான். எல்லாருக்கும் ஒரு தடவை, அவளுக்கு மட்டும் ஒரு மாதம்.

சும்மா இருந்தவர்கள்? 2003இல் வெளியான ஓர் ஆய்வு. மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் ஒருவரைப் படுக்கவைத்து, திரையில் இரண்டு பேரோடு பந்து விளையாட விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. உண்மையில் எதிரே ஆளே கிடையாது, கணினிதான் ஆடியது. அதற்கே, உடம்பில் அடிபட்டால் தூண்டப்படும் மூளைப் பகுதி ஒன்று தூண்டப்பட்டது. இங்கேயோ 42 பேரும் அவள் பெயர் தெரிந்த ஆட்கள்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். ஒருநாள் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினேன். அன்று அவன் இடம் மாறி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கை வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் திரும்பினேன். அவன் கடைசிப் பக்கம்வரை படித்து, மூடி, தனக்குப் பின்னால் இருந்தவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பள்ளி மாற்றுவதை அவளிடமே கேளுங்கள். சாப்பாடு இப்படியே போனால் மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள். குழுவில் வந்ததையெல்லாம் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பள்ளியில் பேசுங்கள், அழித்துவிட்டால் எதுவும் மிஞ்சாது. அதற்கும் அந்தப் போன் வேண்டும். இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.