மெடிக்ளெய்ம்: அறை வாடகையில் தொடங்கும் வெட்டு

கேள்வி: எங்கள் மெடிக்ளெய்ம் 3 லட்சம். அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு அந்தத் தொகையில் 1%. அப்பாவின் ஹெர்னியா ஆபரேஷனுக்கு 6,000 ரூபாய் அறையில் 4 நாள் இருந்தோம். பில் 1,40,000, கைக்கு வந்தது 63,000. ‘ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’, ‘10% கோ-பே’ என்று காரணம் சொல்கிறார்கள். வாடகையில் கூடுதலான 12,000-ஐத்தானே கழிக்க வேண்டும்?

பதில்: வாடகையோடு நிற்காது, அதுதான் சிக்கல். பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர்ந்தால் சர்ஜன், தியேட்டர், நர்சிங் கட்டணமும் சேர்ந்தே உயரும். உங்களுக்கு அனுமதி நாளொன்றுக்கு 3,000, எடுத்தது 6,000. ஆகவே அந்தக் கட்டணங்களும் அதே விகிதத்தில் பாதியாகும். இதுதான் ‘ப்ரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்’, அதாவது விகித வெட்டு.

ஆனால் உங்கள் கம்பெனி மொத்த பில்லையுமே பாதியாக்கி 70,000 என்று வைத்து, அதில் 10% கோ-பே (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) பிடித்திருக்கிறது. இது தவறு. மருந்து, கையுறை-சிரிஞ்சு போன்றவை, உடலில் பொருத்தும் மெஷ், ஸ்டென்ட், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-ல் வகுத்த விதி. ஐசியூ கட்டணத்துக்கும் கூடாது. பாலிசி புத்தகத்தில் ‘அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்’ (இந்த வெட்டுக்கு உட்படும் செலவுகள்) என்பதன் விளக்கத்தைப் பாருங்கள், அங்கே இருக்கும்.

உதாரணமாக, பில்லில் அறை 24,000, டாக்டர்-தியேட்டர் 80,000, மருந்து-மெஷ்-டெஸ்ட் 36,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் பாதியாகி 52,000. மூன்றாவது முழுசாக 36,000. ஆக 88,000; கோ-பே போக 79,200. அதாவது 16,200 பாக்கி.

ஆஸ்பத்திரியில் இனவாரியான பில் வாங்குங்கள். எந்த அறை எடுத்தாலும் ஆபரேஷன் கட்டணம் ஒன்றுதான் என்றால் அதையும் கடிதமாகக் கேளுங்கள். அப்படிப்பட்ட கட்டணத்தில் வெட்டே செல்லாது. இரண்டையும் சேர்த்து டிபிஏ-வுக்கு (கம்பெனிக்காக கிளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி) போகலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: டாப்-அப், சூப்பர் டாப்-அப்: எது வாங்கலாம்?

பதில்: இரண்டுமே பெரிய செலவுக்கு மேலதிகமாக எடுக்கும் பாலிசிகள். இரண்டிலும் ‘டிடக்டிபிள்’ உண்டு, அதாவது அந்தத் தொகை வரை செலவு உங்களுடையது. அது 5 லட்சம் என்று வைப்போம். ஒரே வருடத்தில் 3 லட்சம், 4 லட்சம் என இரண்டு முறை பில் வந்தால் டாப்-அப் ஒரு பைசா தராது, ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடக் கணக்கைக் கூட்டி 2 லட்சம் தரும். பிரீமியம் சற்றுக் கூடுதல்தான். இருந்தாலும் சூப்பர் டாப்-அப்பையே வாங்குங்கள்.

கேள்வி: பாலிசி விண்ணப்பத்தில் சுகர் இருப்பதை எழுத வேண்டாம், 5 வருடம் போனால் கேட்க மாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: ‘மொரட்டோரியம்’ என்பதைச் சொல்கிறார். 60 மாதம் இடைவிடாமல் புதுப்பித்தால், நோயைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்க முடியாதுதான். மோசடி என்று நிரூபித்தால் முடியும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே மறைத்தது அப்படித்தான் வாதிடப்படும். அதற்குள் ஒரு கிளெய்ம் வந்தால் பாலிசியே ரத்தாகலாம். எழுதிக் கொடுத்தால், அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான்.