24ஆம் தேதி இரவில் மாறுகிறவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் ஒன்றுக்கு 1500 வார்த்தையில் கதை எழுதினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் சேவியர், மனைவி இறந்தபிறகு கோயிலுக்குப் போவதில்லை. கிறிஸ்துமஸ் ஆர்டர் அவசரம் என்று தூத்துக்குடிக்கார டெய்லர் மரியபுஷ்பத்துக்கு லீவு மறுக்கிறார். 24ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குக் கேரல் பாட வந்த குழந்தைகளின் குரலைக் கேட்டு அழுது, எல்லோருக்கும் லீவும் போனஸும் கொடுக்கிறார். மாற்றம் நம்பும்படி இல்லை என்று கதை திரும்பி வந்துவிட்டதுங்க. டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் வரும் கஞ்சன் ஸ்க்ரூஜ் மட்டும் ஒரே ராத்திரியில் மாறலாமா? என் கருப்பொருள் அன்பு. பிரதியை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்க்ரூஜ் உங்களுக்குச் சாட்சி சொல்ல மாட்டார். டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட அந்தக் குறுநாவலின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சிறுவன் வாசலில் நின்று கேரல் பாடுகிறான். ஸ்க்ரூஜ் அடிகோலைத் தூக்க, பையன் ஓடிவிடுகிறான். பள்ளியில் தனியாக விடப்பட்ட தன் சிறுவயதை இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தபிறகுதான், அந்தப் பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அங்கே அவ்வளவுதான் மாற்றம். இன்னும் மூன்று அத்தியாயம் மீதி இருக்கிறது. கதை நடப்பது ஒரு ராத்திரி என்றாலும் வாசகர் ஏறிவரப் படிகள் உண்டு. உங்கள் கதையில் தரையும் மொட்டை மாடியும்தான் இருக்கின்றன.

அன்பைக் கருப்பொருள் என்று வைத்தால் கதைக்கு வேலை இல்லை, யாரும் அதை மறுக்கப்போவதில்லை. மறுக்க ஆள் இருக்கும் ஒன்றாக அதை இறக்குங்கள். உங்கள் பிரதியின் மூன்றாம் பக்கத்திலேயே அது கிடக்கிறது: மனைவியின் வைத்தியத்துக்குக் கைநீட்டிக் கடன் வாங்கிய இடத்தில் சேவியர் அவமானப்பட்டார் என்று ஒரே வரியில் கடந்துபோகிறீர்கள். கதையே அதுதான். 'யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது' என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் அவருக்குக் கொடுப்பது சுலபம். போனஸ் கொடுப்பதில் பணம் போகும், வேறொன்றும் போகாது. முதல் பக்கத்தில் அவரால் முடியாத காரியம் எதுவோ அதைக் கடைசிப் பக்கத்தில் செய்ய வேண்டும்: ஒருத்தி தருவதை வாங்கிக்கொள்வது.

படிகளுக்கு ஊரே வழி வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கு நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் திருப்பூரில் சம்பள நாள். நான்கு சனிக்கிழமை, ஒரே மேசை, அதே இரண்டு பேர். முதல் சனி மரியபுஷ்பம் ஊரிலிருந்து வந்த மக்ரூன் பொட்டலத்தை மேசையில் வைக்கிறாள். "வேண்டாமுங்க அம்மிணி, எடுத்துட்டுப் போங்க." இரண்டாம் சனி அவள் அட்வான்ஸ் கேட்கிறாள், சேவியர் மறுபேச்சில்லாமல் எண்ணித் தருகிறார். அவர் கஞ்சர் இல்லை என்பது இங்கே தெரிந்துவிட வேண்டும். மூன்றாம் சனி அவரை வழுக்கி விழ வையுங்கள். லீவு கேட்டவளிடம், "அட்வான்ஸ் வாங்கினீங்கல்ல?" என்று, தன்னைக் குத்திய அதே வார்த்தையால் குத்தட்டும். மறுநாள் கத்தோலிக்க வழிபாட்டில் மகிழ்ச்சியின் ஞாயிறு, சாமியாருக்கு ரோஜா நிற உடுப்பு. இதை அந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், விளக்கக் கூடாது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சறுக்கலை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஏறுமுகமாகப் போகிற மாற்றத்தின் முடிவை வாசகர் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நான்காம் சனி, அவள் மறுபடி கேட்பதற்கு முன்பே லீவு சொல்லிவிடுகிறார். அவள் ஒரு ரசீதை நீட்டுகிறாள்: அவர் மனைவியின் பெயருக்குத் தன் சம்பளத்தில் கோயிலில் ஒரு பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பணத்தைத் திருப்பித் தர அவர் கை டிராயருக்குப் போகிறது. பணம் எடுக்காமலே டிராயரை அவர் மூடினால் மாற்றம் முடிந்தது. அழுகை வேண்டாம். பிரதியில் 'மனம் நெகிழ்ந்தார்' நான்கு இடத்தில் வருகிறது, நான்கையும் எடுத்துவிடுங்கள்.

மரியபுஷ்பமும் அவரை உருக்குவதற்காக மட்டும் வந்துபோகக் கூடாது. ஊருக்குப் போவதா, அந்த வாரக் கூலியை மிச்சம் பிடிப்பதா என்று அவளுக்கும் ஒரு இழுபறி கொடுங்கள். இரண்டு மூன்று வரி போதும்.

1500 வார்த்தையில் தொடக்கம் 250, முதல் மூன்று சனிகளுக்குச் சேர்த்து 750, ரசீது வரும் காட்சிக்கு 400, பிற்பாடு 100. கேரல் குழந்தைகளைக் கடைசி நூறில் தெருவோடு போகவிடலாம்.

சில திருத்தங்கள். கடல்வழி போகும் கிறிஸ்துமஸ் சரக்கு டிசம்பரில் திருப்பூரில் இருக்காது, எப்போதோ கப்பல் ஏறியிருக்கும்; அப்போது மிஷினில் ஓடுவது அடுத்த கோடைக்கான ஆர்டர். போனஸ் தீபாவளிக்கே முடிந்த கணக்கு. பெரிய ஓட்டை லீவில்தான்: இரவு ஒன்பது மணிக்கு லீவு கொடுத்தால் அவள் தூத்துக்குடி போய் இறங்க விடிந்துவிடும், நள்ளிரவுப் பூசை போச்சு. இந்த அன்பால் அவளுக்கு என்ன பிரயோஜனம்? நீங்கள் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோயிலைச் சொல்லிவிட்டு, அங்கே பாஸ்டரை ஆராதனை நடத்த வைத்திருக்கிறீர்கள். அது கத்தோலிக்கக் கோயில். சாமியார் பூசை வைப்பார். சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம்தான் வேண்டும் என்றால் ஐயர் (அவர்கள் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்), சபை, ஆராதனை என்று முழுக்க மாற்றுங்கள். அப்போது பூசை ரசீது நிற்காது, வேறு பரிசு தேட வேண்டியிருக்கும். பேச்சிலும் இருவரையும் பிரியுங்கள்: அவர் வாயில் 'அம்மிணி' என்றால், அவள் வாயில் 'அண்ணாச்சி'.