வேலை கூடியது, மிஞ்சியது என்ன?

வணக்கம் ஐயா,

பெருநகர வேலைவாய்ப்பு பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வேலைகள் பெருகியிருப்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அவற்றின் தரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறைப்பட்டிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

என் அண்ணன் மகன் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் வேலையில்லாமல் இருந்தான். வீட்டில் யாரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாத நிலை. நான்கு மாதங்களுக்கு முன் உணவு டெலிவரி வேலையில் சேர்ந்தான். இப்போது வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான், நிமிர்ந்து நடக்கிறான். அந்த வேலையைத் "தரமில்லாத வேலை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வேலையின்மை குறைகிறது, சராசரிச் சம்பளம் ஏறுகிறது. ஒரு நகரம் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? முதலில் வேலை கிடைக்கட்டும். சம்பளம் பின்னால் தானாக ஏறும். ஏணியின் முதல் படியில் கால் வைக்காமல் யாரும் மேலே போனதில்லை. சட்டம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தினால் ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்; இருக்கிற வேலையும் போய்விடும்.

இந்த வேலையில் நீடிக்கலாமா, விட்டுவிடலாமா என்று அவன் என்னிடம் கேட்டான். நீடி என்றேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"தரமில்லாத வேலை" என்ற சொல் உங்கள் அண்ணன் மகனைச் சுட்டிருந்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டி, முன்பின் தெரியாதவர்களின் பசிக்கு நேரத்தோடு போய்ச் சேரும் உழைப்பில் தரக்குறைவு எதுவுமில்லை. அந்த உழைப்புக்கு அவர் கையில் வந்து சேர்வதைப் பற்றித்தான் எழுதினேன். அதைத் தெளிவாகச் சொல்லாதது என் பிழை.

ஆனால் எண்களைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர். சிறு உழைப்பும் கணக்கில் விடுபடக் கூடாது என்பதற்காக வைத்த அளவுகோல் இது, அதில் தவறில்லை. அந்த எண்ணைப் பிழைப்புக்கு வழி கிடைத்தவர்களின் எண்ணிக்கையாகப் படிக்கும்போதுதான் தவறு நேர்கிறது. அமெரிக்காவில் மாதந்தோறும் தலைப்புச் செய்தியாகும் வேலைவாய்ப்பு எண்ணைப் பாருங்கள். அது நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவது. ஆட்களை எண்ணாமல் வேலைகளை எண்ணுவது. பகலில் ஒரு கடையிலும் இரவில் ஒரு கிடங்கிலும் நிற்கும் ஒரே மனிதர் அதில் இரண்டு வேலைகளாகிவிடுகிறார். ஒரு வேலையின் சம்பளம் போதாததால் இன்னொன்றையும் அவர் தேடிக்கொண்டால், அந்தத் தவிப்பும் வேலை வளர்ச்சியாகவே பதிவாகும்.

சராசரிச் சம்பளம் ஏறுகிறது என்கிறீர்கள். 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தால் அமெரிக்காவில் ஒரே மாதத்தில் சுமார் 2 கோடி வேலைகள் பறிபோயின. வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. அதே மாதம் சராசரி மணிக்கூலி 4 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. யாருக்கும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து வந்த உயர்வு அல்ல. உணவகங்களிலும் விடுதிகளிலும் குறைந்த கூலிக்கு நின்றவர்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். எஞ்சியவர்களை வைத்துச் சராசரி எடுத்தார்கள். அன்றிலிருந்து சராசரிச் சம்பளம் என்று யார் சொன்னாலும், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது என்ன, கடைசியில் நிற்பவர் வாங்குவது என்ன என்று கேட்காமல் நான் மேலே படிப்பதில்லை.

நம் மொழியில் ஊதியம் என்றொரு சொல் இருக்கிறது. இன்று சம்பளத்துக்கு மறுபெயராகிவிட்டது. "முதலிலார்க்கு ஊதியமில்லை" என்கிறது குறள். அங்கே ஊதியம் என்றால் போட்ட முதலுக்கு மேல் கிடைக்கும் ஆதாயம். வேலைக்குப் போகிறவர் போடும் முதல் அவருடைய உடம்பும் அவருடைய நாளும்தான். பெருநகரத்தில் அந்த நாளிலிருந்து போக வர இரண்டு மூன்று மணி நேரம் யாரும் விலை கொடுக்காமல் கழிகிறது. வாடகையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவையெல்லாம் போக மிஞ்சுவதைத்தான் பழைய பொருளில் ஊதியம் என்று சொல்ல முடியும். வேலையின் தரம் என்று நான் எழுதும்போது மனதில் இருப்பது இந்தக் கணக்குதான். இது புதிய கணக்கும் அல்ல. 1907-ல் ஆஸ்திரேலியாவில், அறுவடை இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கை விசாரித்த நீதிபதி ஹிக்கின்ஸ், நியாயமான கூலி எது என்று முடிவு செய்ய முதலாளியின் பேரேட்டைத் திறக்கவில்லை. ஒரு தொழிலாளியின் குடும்பம் நாகரிகமாக வாழ என்ன தேவை என்று கேட்டு, திறன் பயிலாத தொழிலாளிக்கும் நாளுக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார்.

இனி உங்கள் ஏணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்கவைத்தது அந்த வரிதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் மாடியைத் துடைக்கும் அம்மா ஒருவர் இருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே மேசைகளைத் துடைத்து, குப்பைக் கூடைகளைக் காலி செய்துவிட்டு, மாடிப்படியருகே உட்கார்ந்திருப்பார். எங்கள் சம்பளப் பட்டியலில்தான் அவர் பெயரும் இருந்தது. எங்களுக்கு இருந்த விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் அவருக்கும் இருந்தன. ஒருநாள் துப்புரவு முழுவதையும் ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டார்கள். மறுநாள் அதே அம்மா, அதே துடைப்பத்தோடு, அதே மாடிக்கு வந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நிறம் மட்டும் மாறியிருந்தது. பதினோரு ஆண்டுப் பணிக்காலம் அந்த ஓர் இரவில் பூஜ்யமாயிற்று. பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தது என் கைதான். நகரத்தின் வேலைக் கணக்கிலோ ஒரு மாற்றமும் இல்லை: எங்கள் அலுவலகத்தில் ஒன்று குறைந்தது, ஒப்பந்த நிறுவனத்தில் ஒன்று கூடியது.

அதோடு இன்னொன்றும் போயிற்று. அதற்கு முன்பெல்லாம் எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து எழுத்தரானவர்கள் உண்டு. அந்த அம்மாவின் மகளுக்கு அங்கேயே வேலை கேட்டுப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தில் துப்புரவுப் பணியாளருக்கு மேல் இருந்தது ஒரேயொரு மேற்பார்வையாளர் பதவி. புகைப்படச் சுருள் தயாரித்த அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஒரு பெண், பின்னாளில் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமை அதிகாரியானார். அவர் முழுநேர ஊழியர். கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனமே திருப்பிக் கொடுத்தது. அவருடைய திறமை பெரிது. ஆனால் அதே அளவு திறமையோடு இன்று ஒப்பந்த நிறுவனத்தின் அட்டையை மாட்டிக்கொண்டு தரை துடைக்கும் ஒருவருக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது?

இது என் அலுவலகத்தின் கதை மட்டுமல்ல. கல்லூரிப் படிப்பில்லாதவர்களும் பெருநகரத்துக்குப் போனால் நல்ல கூலி கிடைக்கும் என்பது அமெரிக்காவில் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1980க்குப் பிறகு அந்தக் கூடுதல் கூலி பெருமளவு கரைந்துவிட்டது என்று காட்டியிருக்கிறார் பொருளியலாளர் டேவிட் ஆட்டர். தொழிற்சாலை, எழுத்தர், அலுவலக உதவி போன்ற நடுத்தர வேலைகள் நகரங்களில் சுருங்கியதே காரணம். உச்சியில் நிதியும் மென்பொருளும் இருக்கின்றன. அடியில் காவல், துப்புரவு, சமையல், டெலிவரி. உச்சியில் இருப்பவர்களின் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகவே அடியில் வேலைகள் பெருகுகின்றன. முதல் படி நிறைய இருக்கிறது, நண்பரே. இரண்டாவது, மூன்றாவது படிகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். முதல் படியில் நிற்பவரைப் பார்த்துப் பொறுமையாக ஏறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சம்பளத்தை உயர்த்தினால் வேலை போகும் என்ற பயம் பழையது. பொருளியல் பாடப்புத்தகங்களிலும் இருந்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இரு பக்கமும் இருந்த துரித உணவகங்களைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளமே கிடைக்கவில்லை. அந்த ஆய்வு பல ஆண்டுகள் சர்ச்சைக்கு உள்ளானது. 2021-ல் கார்டுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய இந்த வகை ஆய்வுகளைத்தான் சுட்டினார்கள். எவ்வளவு உயர்த்தினாலும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் கூலி குறைவாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை முதலாளியும் கொடுக்கிறார். 1913-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆட்கள் வந்து வந்து போனதில், ஆண்டு முழுக்க ஓர் இடத்தை நிரப்பி வைக்க ஏறத்தாழ நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் வருமானத்தை 5 டாலராக்கிய பிறகு ஆட்கள் இப்படி வந்து போவது வெகுவாகக் குறைந்தது.

உங்கள் அண்ணன் மகனின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு அவரைத் தெரியாது; நீடி என்றோ விடு என்றோ இங்கிருந்து சொல்வது சரியாக இருக்காது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நான்கு வாரம் அவர் கணக்கு எழுதட்டும். ஆர்டர்களை எழுதுவதைவிட முக்கியம், செயலியைத் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் எழுதுவது. ஆர்டர் வருமா என்று வண்டியில் சாய்ந்து காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான். 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: தங்கள் பகுதியில் செயலியைத் திறந்து பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம். நியூயார்க் நகரம் 2023-ல் டெலிவரி ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச மணிக்கூலி வைத்தபோதும் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தது. அதன் பிறகு நிறுவனங்கள் ஒரே சமயத்தில் செயலிக்குள் வரக்கூடிய ஆட்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கின என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு விதியோடு சண்டை முடிந்துவிடுவதில்லை.

நோட்டின் அடுத்த பக்கத்தில் பெட்ரோல், டயர், சர்வீஸ், கைபேசி டேட்டா, அபராதம், அடிபட்டால் வைத்தியச் செலவு. வண்டி எத்தனை ஆண்டு தாங்கும் என்று பார்த்து, அதன் விலையில் மாதப் பங்கையும் எழுதட்டும். வாங்கியதிலிருந்து இவை எல்லாவற்றையும் கழித்து, மொத்த மணி நேரத்தால் வகுங்கள். வருவதை உங்கள் நகரத்தின் குறைந்தபட்சக் கூலியோடும், அவர் படித்த படிப்புக்கு வெளியே கிடைக்கும் தொடக்கச் சம்பளத்தோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வேலை வேறொன்றைத் தேடவோ கற்கவோ அவருக்கு நேரம் விடுகிறதா என்றும் கேளுங்கள். விடுகிறது என்றால், தேடி முடிக்கும்வரை நீடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. உடன் ஓட்டுபவர்கள் சங்கம் அமைத்திருந்தால் அதில் சேரச் சொல்லுங்கள்.

நான்கு வாரம் கழித்து எந்த எண் வந்தாலும் எனக்கு எழுதுங்கள். அது என் கட்டுரைக்கு எதிராக இருந்தாலும் அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்.