ஆஃப்ரோடு ஓட்ட எந்த டயர் வாங்குவது? எம்.டி. டயர் போடலாமா?

வார நாட்களில் ஊருக்குள், மாதம் ஒருமுறை மண் பாதை என்கிறீர்கள். அப்படியானால் சேற்றுக்கென்றே செய்த எம்.டி. (மட் டெரைன்) வேண்டாம், தார்ச்சாலை, மண் பாதை இரண்டுக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரைன்) போதும். எம்.டி. போட்டு, பதினான்கு மாதத்தில் கழற்றியவன் சொல்கிறேன்.

வீடு தண்டையார்பேட்டை, வேலை எண்ணூர். தினமும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில்தான் பயணம். எம்.டி. டயரில் பட்டன்கள், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், பெரியவை, இடைவெளியும் அகலம். சேற்றை உதறித் தள்ள அது நல்லது. ஆனால் தார்ச்சாலையில் படுகிற ரப்பர் குறைவு. முதல் மழையிலேயே முன்னால் போன டிரெய்லருக்கு ஒரு முழம் பின்னால்தான் வண்டி நின்றது. அறுபதைத் தாண்டினால் மாவு மில் இரைச்சல் வேறு. "ஏதோ கழன்றுவிட்டது, ஓரம் கட்டுடா" என்று அம்மா இரண்டு முறை வண்டியை நிறுத்தவைத்தார்.

சரி, மணலிலாவது மானத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். பழவேற்காட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய தடத்தில் சிக்கியபோது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அந்தப் பட்டன்கள் மண்வெட்டி போல மணலை வாரிப் பின்னால் எறிந்தன. வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "காற்றை இறக்கு தம்பி" என்றார். சாவி முனையால் வால்வை அழுத்தி 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்குக் கொண்டுவந்தேன். டயர் பிதுங்கி, மணலில் படுகிற பரப்பு நீண்டது. சக்கரத்தின் முன்னால் குவிந்த மணலைக் கையால் வாரிவிட்டு மெதுவாக எடுத்ததும் வண்டி ஏறிவிட்டது. அன்று வண்டியை மீட்டது டயரின் முரட்டுத் தோற்றமல்ல, இறக்கிய காற்றுதான். 15க்குக் கீழே போகாதீர்கள். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். ஆகவே பேட்டரியில் மாட்டும் சின்ன காற்று பம்ப் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

இப்போது என் வண்டியில் இருப்பது 245/75 ஆர்16 ஏ.டி. 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அதில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, அதாவது சுமார் 184 மி.மீ.; 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கல்லும் குழியுமான வழிக்கு இந்தப் பக்கச் சுவர் உயரம்தான் காப்பு. அழகுக்காகப் பெரிய ரிம் போட்டு அதைக் குறைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. பின்னால் வரும் 111 போன்ற எண் சுமையைக் குறிக்கும். 111 என்றால் ஒரு டயருக்கு 1,090 கிலோ. உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே வாங்காதீர்கள்.

கடையில் தள்ளுபடி என்றால் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. எனக்கு அப்படியொரு பழைய டயரைத் துடைத்துப் பளபளப்பாக்கி நீட்டினார்கள். எண்ணை விரலால் தொட்டுக் காட்டியதும் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள்.