தரவைப் புல் கருகினால் நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: யாழ்ப்பாணம் தென்மராட்சியில் ஏழு பசுவும் மூன்று கன்றும் வைத்திருக்கிறேன். தரவை என்கிற பொதுப் புல்வெளியில்தான் மேய்ச்சல். இந்தக் கோடையில் புல் கருகிப் பால் பாதியாகிவிட்டது. வறட்சியில் மேய்ச்சல் போனால் அரசாங்கம் காசு கொடுக்கும் என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் மச்சான். இங்கேயும் உண்டா ஐயா? யாரிடம் போவது?

பதில்: மச்சான் சொன்னது சரி. அங்கே வறட்சியின் கடுமையை ஐந்து படியாகக் காட்டும் வரைபடம் ஒன்று வியாழன்தோறும் வெளியாகும். மேய்ச்சல் காலத்தில் ஓர் இடம் அதன் நான்காம் படிக்கு ஒரு தடவை ஏறினாலே மூன்று மாதக் கொடுப்பனவு. ஐந்தாவதான கடைசிப் படியில் நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம். மாதத் தீவனச் செலவில் ஏறத்தாழ 60 வீதம் என்பது கணக்கு. வெள்ளம் இதில் சேராது, அதற்கு வேறு திட்டம். ஆனால் காணி சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்க வேண்டும், மாட்டுக் கணக்கும் காட்ட வேண்டும். தரவையில் மேய்க்கிற உங்களுக்கு அங்கேயும் அது இடிக்கும்.

இங்கே புல்லுக்கென்று அப்படி ஒரு திட்டம் இல்லை. அரசின் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், மிளகாய், பெரிய வெங்காயம் போன்றவைக்குத்தான். கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையில் மாட்டுக்கும் காப்புறுதி எடுக்கலாம். அது மாடு செத்தால் உதவும். மெலிந்தால், பால் வற்றினால் ஒன்றும் இல்லை. அதற்காக வேண்டாம் என்று விடாதீர்கள். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் விழுந்தன என்று உங்களுக்கே தெரியும். மாடு நல்ல நிலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். இறந்தால் வைத்தியர் பார்க்குமுன் புதைக்கக் கூடாது, காதுத் தகட்டையும் கழற்றக் கூடாது.

இப்போது செய்யக்கூடியது கடதாசி வேலை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணைப் பதிவு இருக்கிறதா, பத்து உருப்படியும் அதில் ஏறியிருக்கிறதா பாருங்கள். போன வருடம் போட்ட கன்றைப் பதியாமல் விடுவது நம் ஆட்களின் வழமை. எந்தத் தரவையில் எத்தனை மாடு மேய்கிறது என்று விதானையாரிடம் (கிராம அலுவலர்) ஒரு கடிதம் வாங்குங்கள். கருகிய தரவையைத் திகதி விழுகிற மாதிரிப் படம் எடுங்கள், வைக்கோல், புண்ணாக்கு வாங்கிய சிட்டைகளை எறியாதீர்கள். இவற்றோடு பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். உடனே காசு வரும் என்று சொல்லமாட்டேன். நிவாரணம் என்று ஒன்று அறிவிக்கும்போது முதலில் தேடுவது பதிவைத்தான்.

அதுவரை மாடு தின்ன வேண்டுமே. வேலிக் கிளிசரியா, பூவரசங் குழை கொடுங்கள். சோளம் விதைத்திருந்தால், தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் பயிரில் மாட்டை விடாதீர்கள், நஞ்சாகும். வைக்கோல் கையில் இருந்தால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி மூன்று வாரம் விடுங்கள். எடுத்ததும் மணம் போக ஆறவிட்டு, முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். யூரியாத் தண்ணீரை மாடு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.